ஹேர் கிளிப்பில் பனிப்பூ: பாலிமர் க்ளே வேலை

முழுக்க உலோகத்தாலான 5 செ.மீ. கிளிப்பை எடுங்கள். பிளாஸ்டிக் பாகம் இருந்தால் ஓவனில் உருகிவிடும்.

வெள்ளை பாலிமர் க்ளேயை (ஓவனில் சுட்டால் இறுகும் செயற்கைக் களிமண்) முதலில் பிசையுங்கள். கருநீல க்ளே தொட்ட விரல் பட்டாலே பனி அழுக்காகிவிடும். தூசி, முடி, துணி நூல் எல்லாம் வெள்ளையில்தான் போய் ஒட்டும். ஈர டிஷ்யூவைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கருநீலத்தை 2 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து, கிளிப்பின் மேல்பக்க அளவுக்கு வெட்டிப் பதியுங்கள். அடியில் காற்று தங்கினால் சுடும்போது கொப்புளம் கிளம்பும்; நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

பனிப்பூவுக்கு 1 மி.மீ. தடிமனில் வெள்ளை இழை உருட்டி, 6 மி.மீ. நீளத்தில் ஆறு துண்டு நறுக்குங்கள். மூன்று நீள இழைகளைக் குறுக்கே போடுவது சுலபம்தான், ஆனால் நடுவில் மேடு கட்டும். ஆறு துண்டுகளையும் நடுவிலிருந்து கைகளாகப் பரப்புங்கள்; கைகளுக்கிடையே 60 டிகிரி. முனையருகே இரண்டு குட்டிக் கிளைகள். (எட்டுக் கை வைப்பவர்கள் உண்டு. பனிப்படிகம் அறுகோணம், ஆறே போதும்.) ஊசியைப் படுக்கவைத்து மெல்ல அழுத்துங்கள்.

கிளிப்போடு சேர்த்தே 30 நிமிடம் சுடுங்கள், அப்போதுதான் வளைவு பொருந்தும். க்ளே பிராண்டுகளில் ஃபிமோ சாஃப்டுக்கு 110 டிகிரி செல்சியஸ், ஸ்கல்ப்பி பிரீமோவுக்கு 130. ஓவன் குமிழ் காட்டும் சூட்டை நம்பாமல் உள்ளே தெர்மாமீட்டர் வையுங்கள்: சூடு குறைந்தால் க்ளே பொடுக்கென்று ஒடியும், கூடினால் வெள்ளை பழுப்பாகும், கருகினால் நச்சுப்புகை வரும். மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாகக் கவிழ்ப்பது வெள்ளையைக் காக்கும்.

க்ளே உலோகத்தைப் பிடிக்காது. ஆறியதும் பெயர்த்து, இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்து, எபாக்ஸி பசையால் ஒட்டுங்கள். பளபளப்புக்கு நெயில் பாலிஷ் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும். தண்ணீர் சார்ந்த வார்னிஷ் ஒரு பூச்சு போதும்.