சீனக்குடாவில் பந்து, வீட்டில் மீன் கறி: இடையில் கெடுகிற காரியங்கள்

முதலில் டிக்கியில் கிடந்த சூரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு மணிக்கு திருகோணமலைச் சீனக்குடாவில் கோல்ஃப் விளையாட்டு. போகிற வழியில் நல்ல சூரை ஒன்று கண்ணில் பட்டது. கண் தெளிவு, செவுள் இரத்தச் சிவப்பு. திரும்பி வரும்போது இருக்காது என்று வாங்கி, பையோடு டிக்கியில் போட்டேன். மூன்று மணி நேரம் கழித்துத்தான் அது சட்டிக்குப் போனது. மணத்தில் ஒரு குறையும் இல்லை, ருசியும் அப்படியே. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் எனக்கும் மச்சானுக்கும் முகம் சிவந்து, காது சுட்டு, தலை இடிக்கத் தொடங்கியது.

மீன் விற்றவர் மேல் பழி இல்லை. சூரை, கும்பளா, அறுக்குளா மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் வெக்கையில் கிடந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். முகத்தைச் சிவக்கவைத்துத் தலையை இடிக்கவைப்பது அதுதான். ஹிஸ்டமின் ஒருமுறை உண்டானால் பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. மூக்கும் காட்டிக்கொடுக்காது. 'மணக்கவில்லை, அதனால் நல்ல மீன்' என்ற நம் வீட்டுக் கணக்கு இந்த மீன்களிடம் செல்லாது. மஞ்சளும் உப்பும் பிரட்டி வைத்தாலும் இதற்குப் பயன் இல்லை. முகச் சிவப்பும் தலையிடியும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். மூச்சு முட்டினால் மட்டும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

32 பாகைக்கு மேல் வெப்பமான நாளில் சமைக்காத மீன் ஐஸ் இல்லாமல் வெளியே இருக்கக்கூடியது மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். வெயிலில் நிற்கும் காரின் டிக்கி அதைவிடச் சூடு. அதனால் விளையாடி முடித்து வரும் வழியில் மீன் வாங்குங்கள். கிடைக்குமோ என்ற பயம் இருந்தால் காலையிலேயே வாங்கி, வெட்டிக் கழுவி, பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். இரண்டும் சரிவராதென்றால் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் மீனுக்குக் கீழும் மேலும் ஐஸ். குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் இரண்டைப் பக்கத்தில் படுக்கவைப்பதெல்லாம் மனத் திருப்திக்குத்தான்.

சரி, மைதானத்துக்கு வருவோம். சீனக்குடாவில் இருப்பது விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ஃப் மைதானம். முன்கூட்டிப் பேசாமலும் அடையாள அட்டை இல்லாமலும் போய் வாசலில் நிற்க வேண்டாம். கொழும்பிலும் நுவரெலியாவிலும் பழைய கோல்ஃப் கழகங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் மரங்களுக்கு நடுவில் ஆடிப் பழகியவர்கள் இங்கே வந்து திணறுவது காற்றில்தான்.

மே தொடங்கி ஆகஸ்ட் வரை நமக்குக் கச்சான் காற்று. தரைப் பக்கமிருந்து சுடச்சுட, காய்ந்து வரும். கச்சான் ஓய்ந்த மாதங்களில் பின்னேரம் கடலிலிருந்து காற்று ஏறும். மார்கழி, தையில் வாடைக்காற்று. போன மாதம் செவன் அயன் (ஏழாம் எண் மட்டை) போதுமாக இருந்த குழிக்கு இந்த மாதம் அது போதாமல் போகலாம். பழைய கணக்கை நம்பி மட்டையை எடுக்காதீர்கள். கொஞ்சம் புல்லைக் கிள்ளி மேலே விட்டுப் பாருங்கள்.

எதிர்க்காற்று என்றதும் எல்லோரும் செய்வது ஓங்கி அடிப்பது. நானும் செய்தேன். குழியில் நட்ட கொடி 140 யார் தூரத்தில், காற்று நேரே முகத்தில். எயிட் அயனை எடுத்து உள்ள பலம் எல்லாம் கொடுத்தேன். பந்து அழகாக எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. பிறகு யாரோ நூலைப் பிடித்து இழுத்த பட்டம் மாதிரி அந்தரத்தில் நின்று, எனக்கும் கொடிக்கும் நடுவில் தொப்பென்று விழுந்தது. பலமாக அடிக்க அடிக்கப் பந்தில் பின்சுழற்சி கூடும். பின்சுழற்சி பந்தை மேலே தூக்கும். மேலே போனதைக் காற்று பார்த்துக்கொள்ளும். அதே இடத்தில், எண் குறையக் குறையப் பந்து தாழ்வாகவும் தூரமாகவும் போகும் என்பதால், சிக்ஸ் அயனை எடுத்து, பிடியை ஒரு அங்குலம் கீழே இறக்கி, முக்கால் வீச்சில் மெதுவாக அடித்திருந்தால் பந்து தாழ்வாக ஓடிப் போயிருக்கும்.

'கடற்கரைக் காற்று ஈரம், கனம், அதுதான் பந்து போகவில்லை' என்று ஆறுதல் சொல்வார்கள். அதுவும் பிழை. நீராவி நைட்ரஜனையும் ஒட்சிசனையும்விட இலேசானது. ஒரே வெப்பத்தில் ஈரக்காற்று உலர்காற்றைவிடக் கொஞ்சம் இலேசு. பந்து போகாததற்கு எங்கள் கைதான் காரணம்.

அடுத்தது வெளிச்சம். திருகோணமலை கிழக்குக் கரை. சூரியன் கடலில் இறங்குவதில்லை. நமக்குப் பின்னால், தரைப் பக்கம் போய் மறைகிறது. நவம்பரில் ஐந்தே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடும், ஜூலையில் ஆறரை வரை நிற்கும். மறைந்த பிறகு இருபது நிமிடம் கூட நம்ப முடியாது. நாலு மணிக்குத் தொடங்கிவிட்டு முழு ஆட்டமான பதினெட்டுக் குழிக்கு ஆசைப்படாதீர்கள். ஒன்பது போதும், இரண்டு பேருக்கு இரண்டு மணி நேரம்.

இருட்டுகிற நேரத்தில் பந்து பற்றைக்குள் போனால் கை விட்டுத் துழாவ வேண்டாம். கண்ணாடி விரியன் நடமாடுகிற நேரம் அது. 2019 முதல் விதிப்படி தேடுவதற்கு மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து. பந்து தொலைந்திருக்கும் என்று சந்தேகம் வந்த உடனேயே, அந்த இடத்தை விட்டு நகராமல், 'தற்காலிகப் பந்து' என்று சொல்லிவிட்டு இன்னொன்றை அடித்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும், முதலாவது பிறகு கிடைத்தாலும் பயனில்லை.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி முழங்கினால் உடனே காருக்குள் போய் இருங்கள். கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப மைதானம்.

வீட்டுக்கு வந்ததும் உப்புக்காற்றில் திரிந்த மட்டைகளை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, காயவிட்டு வையுங்கள். பையோடு மூலையில் சாத்தினால் துரு பிடிக்கும். குசினித் தொட்டியில் கழுவுவது இன்னொரு தவறு. சண்டை வரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கீரை கழுவும் இடத்தில் புல்லும் மண்ணும் எதற்கு?

பசியோடு அடுப்பு முன்னால் நிற்கக்கூடாது. மீன் கறிக்கு அவசரம் ஆகாது. இரண்டு பிஸ்கட்டும் தேத்தண்ணியும் குடித்துவிட்டுத் தொடங்குங்கள். தேங்காய் திருவுவதையும் பழப்புளி ஊறப்போடுவதையும் போவதற்கு முன்பே முடித்து, தேங்காய்ப்பூவை பிரிட்ஜில் வைத்துவிட்டால் பாதி வேலை குறைவு. வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, தூள், புளி, இரண்டாம் பால் எல்லாம் கொதித்த பிறகுதான் மீன். மீன் போட்ட பிறகு அகப்பையை எடுத்து வைத்துவிடுங்கள். சட்டியின் இரு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும், துண்டு உடையாது.

முதற்பாலை அவசரத்தில் சேர்த்தே ஊற்றிக் கொதிக்கவிடுவதுதான் பெரும்பாலான சட்டிகளைக் கெடுக்கிறது. தேங்காய்ப்பாலில் உள்ள புரதம் கடும் சூட்டில் திரண்டுவிடும், எண்ணெய் தனியே பிரியும். புளி அதை இன்னும் விரைவாக்கும். மீன் வெந்த பிறகு, அடுப்பைக் குறைத்து, முதற்பாலை விட்டு, ஓரத்தில் முதல் குமிழ் தெரிந்ததும் இறக்கிவிட வேண்டும்.

கடைசியாக உப்பு. இரண்டு மணி நேரம் வியர்த்துவிட்டு வந்த நாக்குக்கு எந்தக் கறியும் உப்புக் குறைந்ததாகவே தெரியும். நான் மூன்று முறை கூட்டிப் போட்டு, வீட்டில் மூவரும் புட்டோடு வாயை மூடிக்கொண்டு விழுங்கியிருக்கிறார்கள். இப்போது உப்பு பார்ப்பது மனைவி. ஒரு துளியை அவர் உள்ளங்கையில் விடுவேன். "போதும், கையை எடுங்கோ" என்பார்.

மிஞ்சிய கறியை அடுப்பிலேயே மூடி வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், பிரிட்ஜுக்குப் போகட்டும். காலையில் நன்றாகச் சூடாக்கினால் ரோஸ் பாணுக்கு அதுதான் தொட்டுக்கொள்ள.