பாரதி பாட்டிலிருந்து கேள்வி வந்தால் எப்படிப் படிப்பது?

பாரதியைப் பற்றிக் கேட்பது வேறு, பாரதியின் பாட்டைப் பற்றிக் கேட்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் பள்ளியில் நான் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். பாட்டின் நயத்தை எழுதச் சொன்ன கேள்விக்கு, 1882-ல் எட்டயபுரத்தில் பிறந்தார் என்று ஆரம்பித்து முக்கால் பக்கம் வாழ்க்கை வரலாறு எழுதிவிட்டு நல்ல மார்க் வரும் என்று காத்திருந்தேன். விடைத்தாள் வந்தபோது அந்த முக்கால் பக்கத்துக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு.

அதனால் முதலில் உரையை மூடிவையுங்கள். பாட்டை மட்டும் சத்தமாக மூன்று தடவை படியுங்கள். எந்த இடத்தில் நாக்கு தடுக்குகிறதோ, எந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியவில்லையோ அங்கே பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவுதான். உரையைத் திறப்பது அதற்கப்புறம்.

ஒரு சின்னப் பாட்டை வைத்துப் பார்க்கலாம்.

அக்கினிக் குஞ்சொன்று கண்டேன் - அதை
அங்கொரு காட்டிலோர் பொந்திடை வைத்தேன்;
வெந்து தணிந்தது காடு, - தழல்
வீரத்திற் குஞ்சென்றும் மூப்பென்றும் உண்டோ?
தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்.

'விடுதலை உணர்ச்சியைத் தீயாக உருவகித்தார்' என்று எல்லோரும் எழுதுவார்கள், தப்பில்லை, ஆனால் பாட்டுக்குள் விடுதலை என்ற சொல்லே கிடையாது, அப்படியென்றால் எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று காட்ட வேண்டும். சொற்களைப் பாருங்கள். 'வைத்தேன்' என்றவர் அடுத்த மூச்சு விடுவதற்குள் காடே எரிந்து முடிந்துவிடுகிறது. தீ பற்றியது, பரவியது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வேகம்தான் பாட்டு. குஞ்சு, பொந்து என்று இரண்டு சின்னப் பொருள்கள், எதிரே ஒரு காடு. 'உண்டோ' என்பது பதில் எதிர்பார்க்காத கேள்வி. கடைசி வரி ஜதி. அதற்குப் பொருள் தேடாதீர்கள், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம், தீயின் கூத்து காதில் விழுவது அங்கேதான். இதை ஆறு வரியில் எழுதினாலே நயம் பாராட்டியாயிற்று. அக்கினி, அங்கொரு என்று மோனை இருக்கிறது, சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத எதுகையை மார்க்குக்காக இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

இலக்கணக் கேள்வியும் இதே ஐந்து வரியிலிருந்துதான் வரும். குஞ்சொன்று = குஞ்சு + ஒன்று, 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும்'. காட்டில் = காடு + இல், இங்கே டகர ஒற்று இரட்டும். தனியாக விதி மனப்பாடம் செய்வதைவிட, படிக்கிற பாட்டிலேயே விதியைத் தேடிப் பிடித்தால் மறக்காது.

ஒரு மார்க் கேள்விகளுக்கு வருவோம். இங்கே ஆளை அடிப்பது குழப்பம்தான். 'யாமறிந்த மொழிகளிலே' பாரதியார், 'தமிழுக்கும் அமுதென்று பேர்' பாரதிதாசன், 'தமிழன் என்றோர் இனமுண்டு' நாமக்கல் கவிஞர். மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், தனித்தனியாகப் படித்தால் தேர்வு அறையில் கட்டாயம் கலந்துவிடும். பாரதியைச் 'சிந்துக்குத் தந்தை' என்றவர் பாரதிதாசன், இதுவும் அடிக்கடி வரும். பாஞ்சாலி சபதத்துக்கு ஐந்து சருக்கம்: சூழ்ச்சி, சூதாட்டம், அடிமை, துகிலுரிதல், சபதம். கதை வரிசையே அதுதான், பாரதக் கதை தெரிந்தவருக்கு மனப்பாடமே வேண்டாம். கண்ணன் பாட்டில் எந்தப் பாட்டு எந்த உறவு என்று பாருங்கள். 'கூலிமிகக் கேட்பார்' சேவகன், 'சின்னஞ் சிறு கிளியே' குழந்தை.

வாழ்க்கை வரலாறு வேண்டவே வேண்டாமா? வேண்டும், ஆனால் பாட்டோடு ஒட்டுகிற துண்டு மட்டும். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார், பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-ல் அங்கிருந்தபோது வந்தது என்று தெரிந்தால், சபையில் நிற்கும் பாஞ்சாலியை அடிமைப்பட்ட நாடாக ஏன் படிக்கிறார்கள் என்பது உங்களுக்கே புரியும். அந்த நூலின் முகவுரையில் 'எளிய பதங்கள், எளிய நடை' என்று அவரே எழுதியிருக்கிறார். எளிமை பற்றிக் கேள்வி வந்தால் இதைவிட நல்ல மேற்கோள் கிடைக்காது.

மேற்கோள் என்றதும் ஒன்று. நாலு வரியைத் தப்பும் தவறுமாக எழுதுவதைவிட, நிச்சயமாகத் தெரிந்த இரண்டே சொல்லை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். மனப்பாடப் பகுதிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது, அதில் அடி பிரிப்பும் சரியாக இருக்க வேண்டும், எழுதி எழுதித்தான் பழக முடியும்.

தேர்வுக்கு முந்தின ராத்திரி புதிதாக எதையும் தொடாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டுப் பாட்டைச் சொல்லிப் பாருங்கள், எந்த அடியில் நிற்கிறதோ அந்த அடியை மட்டும் திறந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.