வாழையை வெட்டிப்போட்டால்: தடையுத்தரவும் நஷ்டஈடும் ஒரே பிராதில்

வரப்புத் தகராறில் பக்கத்து வயல்காரர் வாழையைச் சாய்த்து, போர் குழாயையும் உடைத்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் எல்லோரும் முதலில் ஓடுவது 'ஸ்டே' வாங்கத்தான். பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் தப்பு. 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் 40-ஆவது பிரிவுப்படி நிரந்தர உறுத்துக்கட்டளையோடு (தடையுத்தரவோடு) நஷ்டஈடும் சேர்த்துக் கேட்கலாம். பிராதில் (வழக்கு மனுவில்) கேட்காத நஷ்டஈட்டைக் கோர்ட் கொடுக்காது. வழக்கு தள்ளுபடியானால் அதே அத்துமீறலுக்குத் தனியாக நஷ்டஈடு வழக்கும் போட முடியாது. விட்டுப்போயிருந்தால், வழக்கு நடக்கும்போதே பிராதைத் திருத்த மனு போடுங்கள்.

நிலம் இன்னும் பாகம் பிரியாததா? அப்படியானால் பங்காளி மேல் இந்த வழி எளிதில் செல்லாது, பாகப்பிரிவினை வழக்குத்தான்.

பட்டா, புல வரைபடம், நடப்புப் பசலி (வருவாய் ஆண்டு) அடங்கல் எனும் பயிர்ப் பதிவு மூன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அடங்கலில் 'நெல்' என்று இருந்து வயலில் வாழை நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். போலீசில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். எனும் புகார் ரசீது வாங்குங்கள். விவசாயத்துக்குப் போகும் தண்ணீரைக் குறைக்கும்படி சேதம் செய்வது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா எனும் குற்றவியல் சட்டம்) 326(அ)-வில் வரும், 5 ஆண்டு வரை தண்டனை. அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

நிறைய வழக்குகள் சறுக்குவது போட்டோவில்தான். குலை தள்ளாத மரத்தை வெட்டினால் ஒரே நாளில் நடுக்குருத்து வெட்டுவாய்க்கு மேலே எழும்பும். தார் போட்ட மரத்தில் எழும்பாது. அதனால் அன்றைக்கே ஒன்று, மறுநாள் ஒன்று என எடுங்கள். எத்தனை மரம் தாரோடு போனது என்பதை இந்த இரண்டு படமும் காட்டிவிடும். தேதி முத்திரை போடும் ஆப்பெல்லாம் வேண்டாம். போனின் சொந்தக் கேமராவே போதும், இருப்பிடத்தை மட்டும் ஆன் செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் எண் மாறிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், மூலப்படத்தை அழிக்காதீர்கள். பாரதிய சாக்ஷிய சட்டம் (சாட்சியச் சட்டம்) 63(4)-இன்படி படத்துக்குச் சான்றிதழும் வேண்டும்: பகுதி 'ஏ'-வில் நீங்கள், பகுதி 'பி'-யில் நிபுணர் கையெழுத்திட வேண்டும்.

பிராதோடு சேர்த்தே சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 26 விதி 9-இல், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர வக்கீல் கமிஷனர் கேட்டு மனு போடுங்கள். அவர் வந்து போகும்வரை உழவோ சுத்தமோ கூடாது. யார் வெட்டினார்கள் என்று கமிஷனர் சொல்லமாட்டார். எத்தனை கட்டை, எந்த வயல் என்பது மட்டும்தான். எல்லையே தகராறு என்றால் சர்வேயரும் உடன் வர மனுவில் கேட்டுவிடுங்கள்.

தொகையைக் கணக்கிடும்போது தார் விலையை அப்படியே போடாதீர்கள். மரம் போனதால் உங்களுக்கு மிச்சமான செலவைக் கழிக்க வேண்டும். ஓர் உதாரணம்: 84 பூவன் தார், தார் 250 ரூபாய் என்றால் 21,000. முட்டு, கடைசி உரம், வெட்டுக்கூலி என்று மரத்துக்கு 60 மிச்சம், ஆக 5,040. மீதி 15,960. குழாய்க்கு 4,550, பிளம்பர் கூலி 1,800 சேர்த்தால் 22,310. இதற்குக் கோர்ட் கட்டணம் நூற்றுக்கு 3 வீதம், 669 ரூபாய் சொச்சம். உறுத்துக்கட்டளைக்குக் கட்டணம் தனி மதிப்பின்மேல். பக்கக்கன்று தழைத்துவிட்டதே, நஷ்டம் ஏது என்று எதிரி கேட்பார். அந்தக் கன்று (மறுதாம்பு) காய்க்கப் பல மாதம் ஆகும்; நீங்கள் கேட்பது இந்தத் தாருக்கான பணம். குழாய் பில் கடை முத்திரையோடு இருக்கட்டும், துண்டுச்சீட்டு நிற்காது.

பிறகு சேர்த்தது: எதிரிக்கு நோட்டீஸ் போகாமலே இடைக்கால உத்தரவு கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். ஆணை 39 விதி 3-இன்படி மனு, பிராது, ஆவண நகல்களை உடனே பதிவுத் தபாலில் எதிரிக்கு அனுப்பி, அனுப்பிவிட்டோம் என்று அன்றோ மறுநாளோ பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டு உத்தரவைப் பறிகொடுத்தவர்கள் அதிகம். தபால் ரசீதை வழக்குக் கட்டோடு வைத்துத் தையுங்கள். உத்தரவை மீறி உள்ளே வந்தால் விதி 2ஏ மனு: சொத்து ஜப்தி, 3 மாதம் வரை சிவில் சிறை.

பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுங்கள்.