தட்டினால் ஒலிக்கும் அறிவிப்பு: எழுத்திலிருந்து வரும் குரலை நேரலையிலேயே சுருக்கி அனுப்புவது எப்படி?

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒருவர் மடிக்கணினியில் "ரதம் ஜாலான் கெபுன் புங்காவுக்கு வந்துவிட்டது" என்று தட்டுகிறார் (அது அங்குள்ள ஒரு சாலை). வழிநெடுக இருக்கும் தண்ணீர்ப் பந்தல்களில், ஒலிபெருக்கியோடு இணைத்த கைப்பேசிகள் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். அவ்வளவு கூட்டத்தில் இணைய வேகத்தை நம்ப முடியாது. அதனால் ஒலி சிறியதாக இருக்க வேண்டும், தாமதமும் கூடாது.

தேவையான மென்பொருள்கள் எல்லாம் இலவசம். பேச ஈஸ்பீக் என்ஜி, சுருக்க எஃப்எஃப்எம்பெக், பரப்ப ஐஸ்காஸ்ட், நடுவே சின்னதாக ஒரு பைத்தான் நிரல். மடிக்கணினியில் உபுண்டு இயங்குதளம் இருந்தால் எல்லாவற்றையும் அதிலிருந்தே நிறுவிக்கொள்ளலாம்.

படி 1: குரல்

ஈஸ்பீக்கில் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுங்கள். வெளியீடு ஸ்பீக்கருக்குப் போகாமல் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கு (அடுத்த நிரல் எடுத்துக்கொள்ளும் வெளியீட்டு வழி) போகும்படி அமைத்துவிடுங்கள். குரல் ரோபோ பேசுவது போலத்தான் இருக்கும். ஆனால் அறிவிப்புக்கு இனிமையைவிட வேகம் முக்கியம். சாலைப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே தட்டுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டினால் ஈஸ்பீக் ஆங்கில உச்சரிப்புக்குத் தாவிவிடும்.

வெளிவருவது நொடிக்கு 22,050 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்), ஒவ்வொன்றும் 16 பிட், மோனோ, அதாவது ஒரே சேனல். அதாவது நொடிக்கு 44,100 பைட், சுமார் 353 கிலோபிட். இதை அப்படியே அனுப்பினால் ஒவ்வொரு பந்தலுக்கும் மணிக்கு 159 மெகாபைட் போகும்.

படி 2: இடைவிடாத ஓட்டம்

ஆரம்பக்காரர்கள் பலர் ஈஸ்பீக்கை நேராக எஃப்எஃப்எம்பெக்கில் பைப் செய்துவிடுவார்கள், அதாவது ஒன்றின் வெளியீட்டை மற்றதன் உள்ளீடாக இணைத்துவிடுவார்கள். ஒரு வரி பேசியதும் ஒலி நின்றுவிடும். ஐஸ்காஸ்ட்டின் வழக்கமான அமைப்பில் 10 நொடி எதுவும் வராவிட்டால் இணைப்பை அறுத்துவிடும். அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் நடுவே ஐந்து நிமிடம்கூட ஆகலாமே!

ஆகவே பைத்தான் நிரல் ஓயாமல் ஒலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு 20 மில்லிநொடிக்கும் 882 பைட் எழுதட்டும் (441 மாதிரி, ஒவ்வொன்றும் 2 பைட்). வரிசையில் பேச்சு காத்திருந்தால் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும். இல்லாவிட்டால் வெறும் பூஜ்ஜியங்கள், அதுதான் மௌனம். தட்டிய வரியை வாங்கி ஈஸ்பீக்கிடம் கொடுத்து வரிசையில் சேர்க்கும் வேலையைத் தனித் திரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதி) வையுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஈஸ்பீக் தரும் ஒலியின் முதல் 44 பைட் வேவ் கோப்பின் தலைப்பு. அதை வெட்டாவிட்டால் ஒவ்வொரு அறிவிப்பும் ஒரு 'டிக்' சத்தத்தோடு தொடங்கும். இன்னொன்று, "20 மில்லிநொடி தூங்கு" என்று மட்டும் எழுதினால் சின்னச் சின்னத் தாமதங்கள் சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நிஜக் கடிகாரத்தைவிடப் பின்தங்கிவிடும். மோனோடோனிக் கடிகாரத்தை (பின்னோக்கிப் போகாத கணினிக் கடிகாரம்) பார்த்து, அடுத்த துண்டு எப்போது போக வேண்டும் என்று கணக்கிட்டு, அதுவரை மட்டும் தூங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டையும் எழுதியதும் ஃபிளஷ் செய்யவும் வேண்டும், அதாவது தேக்கி வைக்காமல் உடனே வெளியே தள்ள வேண்டும்.

படி 3: சுருக்கம்

எஃப்எஃப்எம்பெக்கிடம் உள்ளே வருவது என்ன என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள்: எஸ்16எல்இ (s16le, 16 பிட் மூல ஒலி) வடிவம், நொடிக்கு 22,050 மாதிரி, ஒரு சேனல். கோடெக்குக்கு (சுருக்கும் முறை) ஓப்பஸ். 2012இல் தரமாக வெளிவந்த இது பேச்சுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். 24 கிலோபிட், 20 மில்லிநொடி ஃபிரேம் (ஒரு தடவையில் சுருக்கும் துண்டு), பயன்பாடு 'வாய்ப்' (voip, பேச்சுக்கான அமைப்பு) என்று வையுங்கள். மூல ஒலியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகும், பேச்சோ தெளிவாகக் கேட்கும். 22,050 என்ற வேகத்தை ஓப்பஸ் ஏற்காது. எஃப்எஃப்எம்பெக்கே அதை மாற்றிக்கொள்ளும்.

ஓப்பஸ் என்கோடர் எடுக்கும் தாமதம் சுமார் 26.5 மில்லிநொடிதான். பிறகு ஏன் பந்தலில் பல நொடி கழித்துக் கேட்கிறது? நடுவில் ஒலியைத் தேக்கி வைக்கும் பஃபர்கள்தான் காரணம்.

முதல் பஃபர் எஃப்எஃப்எம்பெக்கிலேயே இருக்கிறது. ஓப்பஸ் ஒலியைச் சுமந்து செல்லும் ஆக் (Ogg) பெட்டகத்தில் அது ஒரு நொடி ஒலியைச் சேர்த்த பிறகே ஒரு பக்கத்தை, அதாவது ஒரு பொட்டலத்தை, அனுப்பும். பேஜ் டியூரேஷன் என்ற தெரிவில் இதைக் குறைக்கலாம். சரி, 20 மில்லிநொடியாக்கிவிடுவோமே என்று தோன்றும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 28 பைட் தலைப்பு. நொடிக்கு 50 பக்கம் என்றால் 1,400 பைட், அதாவது 11 கிலோபிட் தலைப்புக்கே போய்விடும். என் பரிந்துரை 100 மில்லிநொடி. கூடுதல் செலவு இரண்டரை கிலோபிட் மட்டுமே. இந்த அளவை மைக்ரோநொடியில் கொடுக்க வேண்டும், எனவே 1,00,000.

உள்ளடக்க வகையை அப்ளிகேஷன் ஆக் (application/ogg) என்று எஃப்எஃப்எம்பெக்கில் குறிப்பிட மறந்தால், எஃப்எஃப்எம்பெக் அதை எம்பி3 என்று ஐஸ்காஸ்ட்டிடம் சொல்லிவிடும்.

படி 4: ஐஸ்காஸ்ட்

பெரிய பஃபர் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. புதிதாகச் சேரும் கேட்பவருக்கு உடனே பாட்டு வரட்டும் என்று ஐஸ்காஸ்ட் 64 கிலோபைட் பழைய ஒலியை ஒரே மூச்சில் கொடுக்கும். 128 கிலோபிட் பாட்டுக்கு அது 4 நொடிதான். நம் ஓட்டத்துக்கோ கிட்டத்தட்ட 20 நொடி! ரதம் தாண்டிப் போன பிறகு "ரதம் வருகிறது" என்று பந்தலில் ஒலிக்கும். அமைப்புக் கோப்பில் இந்த அளவைக் குறிக்கும் பர்ஸ்ட் சைஸை (burst-size) 4,096 பைட் ஆக்குங்கள். ஒரு நொடிக்குச் சற்று மேல் வரும்.

பந்தல் கைப்பேசியில் விஎல்சி என்ற ஒலி இயக்கியைப் போட்டு, அது முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நெட்வொர்க் கேஷிங் அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதைச் சுழியமாக்க வேண்டாம், இணையம் ஒரு கணம் தடுமாறினாலும் பேச்சு அறுபடும்.

பிரவுசரிலேயே கேட்க விரும்புகிறவர்களின் பழைய ஐபோன்களில் சஃபாரி ஆக் ஓப்பஸை இயக்காது. அவர்களுக்காக அதே எஃப்எஃப்எம்பெக்கில் 32 கிலோபிட் எம்பி3 ஓட்டம் ஒன்றையும் வேறு மவுண்டில் (ஐஸ்காஸ்ட்டில் ஓட்டத்துக்கான முகவரி) விட்டுவிடலாம்.