பரிசாக வந்த பைக்கை உங்கள் பெயருக்கு மாற்றுவது எப்படி?

கல்லூரி முடித்ததும் மாமா தன் பைக்கை எனக்கே கொடுத்துவிட்டார். பெயர் மாற்றத்தை நான் இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் நான் சிக்னலைத் தாண்டியதற்கான அபராதம் அவர் போனுக்குப் போனது. ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டிவிட்டார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

அபராதத்தோடு போனால் பரவாயில்லை. ஆர்.சி. என்ற வண்டிப் பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆசையாகக் கொடுத்தவர் தலையில் அந்தச் சுமை விழக்கூடாது.

படி 1: ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் சேஸிஸ் எண் பொறித்திருக்கும். அதையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், கடன் அடைந்திருந்தாலும் அந்தப் பதிவை நீக்கியாக வேண்டும். அதற்குப் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் தேவை. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

படி 2: உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 29 இரண்டு பிரதி, மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் படிவம் 30 ஒன்று. கொடுப்பவர், பெறுபவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். பணம் வாங்காமல் அன்பளிப்பாகத் தருவதாக ஒரு கடிதமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: அரசின் போக்குவரத்துச் சேவைத் தளமான பரிவாகன் இணையதளத்தில் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி, ஆவணங்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுங்கள். ஒரே மாநிலம் என்றால் கொடுத்தவர் 14 நாளுக்குள்ளும், நீங்கள் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று முதலில் வேண்டும்.

படி 4: இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான் அவகாசம். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பழைய உரிமையாளர் சேர்த்த பிரீமியத் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) உங்களுக்கு வராது.

போட்டியிலோ குலுக்கலிலோ விழுந்த புது பைக் என்றால் கதை வேறு. நடத்தியவர்கள் தங்கள் பெயரில் பதிவு செய்துவிட்டால் நீங்கள் இரண்டாவது உரிமையாளர் ஆகிவிடுவீர்கள். அதனால் விற்பனைச் சான்றான படிவம் 21-ஐ உங்கள் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். டீலரே படிவம் 20 (பதிவு விண்ணப்பம்), 22 (சாலைத் தகுதிச் சான்று) வைத்துப் பதிவை முடித்துத் தருவார். பொருளாக வரும் பரிசுக்கு அதன் மதிப்பில் 30 சதவீத வருமான வரி கட்டிய பிறகே வண்டியை ஒப்படைக்கலாம். அதைக் கட்டப்போவது யார் என்று முன்பே கேளுங்கள். நீங்கள் கலந்துகொள்ளாத போட்டியில் பரிசு விழுந்ததாகச் சொல்லி, வரிக்கென்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

புது ஆர்.சி. வந்ததும் ஒரு நகலைக் கொடுத்தவருக்கு அனுப்புங்கள். வண்டி தன் பெயரில் இல்லை என்பதற்கு அவர் கையில் இருக்கும் ஆதாரம் அது.