எல்லை தாண்டிக் குண்டு போடும் அரசின் கடிதத்தைப் படிப்பது எப்படி?

பயங்கரவாதத்துக்குப் பதிலடி என்று சொல்லி ஒரு நாடு இன்னொரு நாட்டு மண்ணில் குண்டு போடுகிறது. அது சரியா தவறா என்று வாதாடும் முன் ஒரு கடிதத்தைத் தேடிப் படியுங்கள். தற்காப்புக்காகப் படையை ஏவும் நாடு அதை உடனே பாதுகாப்பு சபைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 51-வது பிரிவு. அமைச்சர்கள் மேடையில் ஆயிரம் சொல்லலாம். அரசு சட்டத்தின் முன் வைக்கும் காரணம் இந்தக் கடிதத்தில்தான் இருக்கும்.

பழகிப் பார்க்க ஏற்றது எஸ்/2014/695. எஸ் என்பது பாதுகாப்பு சபை, அடுத்தது ஆண்டு, கடைசியில் வரிசை எண். ஐ.நா. ஆவணத் தளத்தில் எஸ்ஸை ஆங்கில எழுத்தாகப் போட்டு, இடைவெளி விடாமல் தட்டினால் கிடைத்துவிடும். சிரியாவில் தாக்குதலைத் தொடங்கிய அமெரிக்கா 2014 செப்டம்பர் 23 அன்று கொடுத்த சின்னக் கடிதம் அது.

பென்சிலோடு உட்காருங்கள். தாக்கப்பட்டது யார், உதவி கேட்டது யார் என்பதை முதலில் கோடிடுங்கள். இரண்டுக்கும் விடை ஈராக். ஐ.எஸ். அமைப்பு சிரியாவிலிருந்து வந்து தாக்குகிறது, ஈராக் எங்களை அழைத்தது என்கிறது கடிதம். அடுத்து, மண்ணுக்கு உரிய நாடு சம்மதித்ததா என்று பாருங்கள். இல்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் சிரியாவுக்குத் தடுக்க 'விருப்பமில்லை அல்லது இயலவில்லை' என்ற வாதம் வருகிறது. சாசனத்தில் இந்தச் சொற்கள் எங்கும் கிடையாது.

பலர் கோட்டை விடுவது கடைசிப் பகுதியில். 'கூடவே' சிரியாவில் இருந்த அல்-கொய்தா பிரிவான கொராசான் குழுவையும் தாக்கியதாக ஒரே வாக்கியம் இருக்கும். அதற்கு ஈராக்கின் அழைப்பு பொருந்தாது. நடந்த தாக்குதல் எதையும் அந்த வாக்கியம் சுட்டவில்லை, அச்சுறுத்தல் என்று மட்டும் சொல்கிறது. ஒரு கடிதத்துக்குள் இரண்டு போர்கள் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். ஆப்கானிஸ்தானில் தாக்குதலைத் தொடங்கியபோது அமெரிக்கா கொடுத்த 2001 அக்டோபர் 7 கடிதமும் இப்படித்தான்: அந்த நாட்டோடு நிற்காமல், வேறு அமைப்புகள் மீதும் வேறு நாடுகள் மீதும் நடவடிக்கை தேவைப்படலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. அந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனை ஊர்கள் விலை கொடுக்க நேரும் என்பதை நினைத்துப் படிக்க வேண்டும்.

பிறகு அதே போருக்கு இன்னொரு நாடு எழுதியதை அருகில் வையுங்கள். ஜெர்மனியின் எஸ்/2015/946, சிரிய அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதியில், ஐ.எஸ். மீது மட்டும், சிரியா மீது அல்ல என்று எல்லை கட்டிப் பேசுகிறது. இந்த வேறுபாடு சின்னதல்ல.

பாதுகாப்பு சபையின் தீர்மானங்களில் வினைச்சொல்லைப் பாருங்கள். ஐ.எஸ். பற்றிய 2015-இன் 2249-வது தீர்மானத்தில் 'தேவையான எல்லா நடவடிக்கைகளும்' என்று இருக்கிறது. ஆனால் 'அதிகாரமளிக்கிறது' என்ற சொல்லும் இல்லை, படையை ஏவ சபைக்கு அதிகாரம் தரும் சாசனத்தின் ஏழாம் அத்தியாயமும் இல்லை. சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடு அழைப்பு விடுக்கிறது, அவ்வளவே. நாடாளுமன்ற அனுமதியையும் இதோடு குழப்ப வேண்டாம்: 2001 செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் கொடுத்த அதிகாரம் அவர்கள் அதிபருக்குத்தான், இன்னொரு நாட்டு எல்லையைத் திறக்க அது செல்லாது.

அழைப்பின் பேரில் போன படை என்றால், அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தேதி போட்டுப் பாருங்கள். 2013 ஜனவரியில் மாலி கேட்டு பிரான்ஸ் இறங்கியது. ஆட்சி கைமாறி உறவு முறிந்த பின், 2022 ஆகஸ்டில் கடைசிப் படைவீரர்களும் வெளியேறினார்கள்.

கடைசியாக, தாக்கப்பட்ட மண்ணின் அரசு எழுதிய மறுப்பையும் தேடுங்கள். 51-வது பிரிவைத் திரிக்கிறார்கள் என்று சிரியா 2015 செப்டம்பரில் எழுதியது. அதை எடுத்து அமெரிக்கக் கடிதத்தின் பக்கத்தில் வைத்து, மறுபடி முதல் வரியிலிருந்து படியுங்கள்.