மேட்ச் முடிந்தபிறகு காட்பாடிக்கு எப்படி வருவீர்கள்?

போன சீசனில் ஒரு சனிக்கிழமை மதியம், காட்பாடி ஜங்ஷனில் நான்கு பையன்களைப் பார்த்தேன். நான்கு பேரும் சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் நீல ஜெர்சி போட்டிருந்தார்கள், ஒருவன் தோளில் கொடி. நானும் அந்த மேட்ச்சுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். பேச்சுக் கொடுத்தேன். மேட்ச் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, போகிற வண்டிக்கும் டிக்கெட் இருக்கிறது. "ராத்திரி எதில் திரும்பி வரீங்க?" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எப்படியாவது வந்துடலாம்ணா."

இதே வார்த்தையை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பது இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் குடியுங்கள், போனில் சார்ஜ் வைத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். வேலூரிலிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குப் பல வருஷமாகப் போய்வருகிறவன் என்ற முறையில், எங்கே தடுக்கி விழுகிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

130 கிலோமீட்டர்தானே என்று நினைப்பது

காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் 130 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் வண்டியில் இரண்டு மணி நேரம் சொச்சம். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் வண்டிகள் நமக்கு வேண்டிய நேரத்தில் வருவதில்லை. பெங்களூரிலிருந்து வரும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் சாயங்காலம் காட்பாடிக்கு வருகிறது, அதைப் பிடித்தால் போதும் என்று கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். சென்ட்ரலில் அது நிற்பதற்குள் முதல் பாதியே போய்விடும்.

காலையிலோ மதியத்திலோ வரும் வண்டியில் போய்விடுவதுதான் சரி. கையில் நேரம் மிச்சமிருந்தால் மூர் மார்க்கெட் பக்கம் சுற்றிவிட்டு, சென்ட்ரலிலிருந்து பொடிநடையாகக் கால் மணி நேரத்தில் ஸ்டேடியம் போய்ச் சேரலாம்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு வாலாஜாவிலிருந்து பூந்தமல்லி வரை ரோடு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சாதாரண நாளில் கோயம்பேட்டுக்கு மூன்று மணி நேரம். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி ஷிப்ட் விடுகிற நேரத்தில் மாட்டினால் அது நான்காகும். முகூர்த்த நாளாக இருந்தால் வேலூர் புது பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார இடம் கிடைக்காது. மேட்ச் தேதியைப் பார்த்ததும் காலண்டரில் அன்றைக்கு முகூர்த்தமா என்றும் பாருங்கள்.

பெரிய பையோடு போவது

உள்ளே விடமாட்டார்கள். சென்ட்ரல் கிளோக் ரூமில் பூட்டுப் போட்ட பையைத்தான் வாங்குவார்கள்.

திரும்பும் வண்டியைக் கடைசியில் யோசிப்பது

மற்ற எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். ஒரு ரசிகனை மைதானத்துக்கே வரவிடாமல் செய்வதும் இதுதான்.

2017-18 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசன். அந்த வருஷம் பெரும்பாலான மேட்ச் ராத்திரி எட்டு மணிக்குத்தான் தொடங்கும். தொண்ணூறு நிமிஷ ஆட்டம், நடுவில் பதினைந்து நிமிஷ இடைவேளை, இரண்டு பாதியிலும் கூடுதலாகக் கொடுக்கும் நிமிஷங்கள் எல்லாம் சேர்ந்தால் முடியும்போது பத்தை நெருங்கிவிடும். நாங்கள் மூன்று பேர். ஜெயித்த சந்தோஷத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே வெளியே வந்து, பசிக்கிறதே என்று பரோட்டா சாப்பிட உட்கார்ந்தோம். சென்ட்ரலுக்குள் நுழைந்தபோது பெங்களூர் மெயிலின் பின்பக்கச் சிவப்பு விளக்குதான் தெரிந்தது.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. "அரக்கோணம் வரைக்கும் எலக்ட்ரிக் டிரெயின் இருக்கு. அங்க போயிட்டா பாதி தூரம் வந்த மாதிரி. அங்கிருந்து ஏதாவது கிடைக்கும்." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கடைசி வண்டியில் ஏறினோம்.

சென்னையிலிருந்து அரக்கோணம் கிட்டத்தட்ட 69 கிலோமீட்டர். பாதிக்கு மேலேயே வந்துவிட்டோம்தான். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு அரக்கோணத்தில் இறங்கினால் மிச்சமிருக்கும் 60 கிலோமீட்டர் 600 மாதிரி நிற்கும். எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்காமல் போயின. ஒவ்வொன்றும் கடக்கும்போது பிளாட்பாரத் தூசி மொத்தமும் எழுந்து முகத்தில் அடிக்கும், பிறகு மறுபடி கொசு. வெளியே பஸ் இல்லை. ஒரு ஆட்டோக்காரர் சோளிங்கர் வழியாக வரத் தயார் என்றார். அவர் சொன்ன தொகை எங்கள் மூன்று பேர் பையிலும் சேர்த்து இல்லை. ஒரு சிமெண்ட் பெஞ்சில் மாறி மாறிப் படுத்தோம். விடிந்த பிறகு வந்த பாசஞ்சரில் காட்பாடி வந்து சேர்ந்தோம்.

எங்களில் ஒருவன் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். காலை ஏழு மணி ஷிப்ட். அன்றைக்குச் சம்பளம் போனது மட்டுமில்லை, வீட்டில் அவன் அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். போனில் சார்ஜ் தீர்ந்து அவனிடமிருந்து தகவலே போகவில்லை.

அதற்கப்புறம் அவன் எந்த மேட்ச்சுக்கும் வரவில்லை. 2018 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை, கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். ஜேஜே இரண்டு கோல், வியாசர்பாடி தனபால் கணேஷ் ஒன்று, 3-0 என்று ஜெயித்தோம். கூப்பிட்டேன், "வேலை இருக்கு" என்றான். நான்கு நாள் கழித்து பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் பெங்களூர் அணியோடு ஃபைனல். அவர்களின் சேத்ரி முதலில் கோல் போட்டபோது அடங்கிப்போன எங்கள் கூட்டம், நம் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டி உள்ளே தள்ளியதும் எழுந்து நின்றது. பிறகு ரஃபேல் அகஸ்டோவின் கோல். 3-2, இரண்டாவது கோப்பை. அவன் அதை வீட்டில் டிவியில் பார்த்தான். கோட்டை மைதானத்தில் என்னோடு பத்து வருஷம் பந்து விளையாடியவன். அணி தோற்றதால் அவன் விலகவில்லை, டிக்கெட் விலையாலும் இல்லை. அரக்கோணம் பெஞ்சில் கழிந்த ஒரு ராத்திரியால் விலகினான். அந்த யோசனையைச் சொன்னவன் நான்.

கூட்டம் ஏன் குறைகிறது என்று பேசும்போது அணியின் ஆட்டத்தையும் டிக்கெட் விலையையும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வேலூர், ஆம்பூர், திருவண்ணாமலையிலிருந்து வருகிறவனைக் கேட்டுப் பாருங்கள். "மேட்ச் நல்லா இருக்குமா?" என்று அவன் யோசிப்பது அப்புறம்தான். முதலில் "மறுநாள் காலை வேலைக்குப் போக முடியுமா?" என்று கணக்குப் போடுவான். பெண்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. என் அக்கா மகள் ஆட்டத்தை என்னைவிட நன்றாகப் புரிந்தவள். அவள் ஸ்டேடியத்துக்கு வருவதா இல்லையா என்பதை நள்ளிரவில் காட்பாடியில் யார் வந்து கூட்டிப்போவது என்பதுதான் தீர்மானிக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? நான் இப்போது தலைகீழாகத் திட்டம் போடுகிறேன். முதலில் திரும்பும் வண்டி. பிறகு மேட்ச் டிக்கெட். கடைசியில்தான் போகும் வண்டி.

ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் ஒன்பது இருபது, ஒன்பதரைக்குள் முடியும். பத்து மணி வாக்கில் சேரன் எக்ஸ்பிரஸ், பதினொன்றுக்குச் சற்று முன்னால் பெங்களூர் மெயில். நேரம் அவ்வப்போது மாறும், அன்றைக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதில் சேரனைப் பிடிக்க வேண்டுமானால் விசில் ஊதியதும் நடக்க வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக வந்தால் சென்ட்ரலுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். மெயிலில் எடுத்தால் நிம்மதியாகக் கைதட்டிவிட்டு வரலாம். நான் எப்போதும் மெயிலுக்குத்தான் ரிசர்வ் செய்கிறேன். 130 கிலோமீட்டர் போனாலும் ஸ்லீப்பரில் குறைந்தபட்சம் 200 கிலோமீட்டருக்கான கட்டணம் வாங்குவார்கள். அதனால் வீண் செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது வீண் இல்லை. அன்ரிசர்வ்டு டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறி மாட்டினால் கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் சார்ட் போட்டபிறகும் உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும், அதை நம்பி ஏற முடியாது. இப்போது முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது. மேட்ச் அட்டவணை வந்த அன்றைக்கே உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.

மெயிலும் போய்விட்டால் அரக்கோணம் வண்டியில் ஏறாதீர்கள். தயவுசெய்து ஏறாதீர்கள். சென்ட்ரல் மெட்ரோவிலிருந்து பச்சை வழித்தடத்தில் கோயம்பேடு பஸ் நிலையம் வரை மாறாமல் போகலாம். மெட்ரோ பதினோரு மணி வாக்கில் நின்றுவிடும் என்பதால் தயங்காமல் உடனே இறங்குங்கள். ராத்திரி பஸ் உங்களை வேலூர் ஊருக்குள்ளேயே கொண்டுவந்து இறக்கும். ஒரு விஷயம், பஸ் கிளம்பும் இடங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் திறந்ததும் தென்மாவட்ட வண்டிகள் அங்கே போயின. நம் பக்கத்து வண்டிகளுக்குக் குத்தம்பாக்கத்தில் நிலையம் கட்டியிருக்கிறார்கள். போவதற்கு முந்தின நாள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் நேரத்தைப் பார்க்காமல் டிக்கெட் எடுப்பது

2023-24 சீசன் எட்டு மணி ஆட்டங்களோடு தொடங்கி, நடுவில் ஏழரைக்கு மாறியது. டிவியில் பார்க்கிறவருக்கு அது அரை மணி நேரம். நமக்கு ஒரு ரயில். எட்டு மணி என்றால் சேரனை மறந்துவிட வேண்டியதுதான். ஐந்து மணி, ஐந்தரை மணி ஆட்டம் கிடைத்தால் விடாதீர்கள், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஏற்றது அதுதான்.

இதில் நாம் மட்டும் தனியாக இல்லை. ஜெர்மனியில் திங்கட்கிழமை ராத்திரி மேட்ச் வைத்தபோது வெளியூர் ரசிகர்கள் வேலைக்குப் போவதா, மேட்ச்சுக்குப் போவதா என்று கொதித்தார்கள். 2018 பிப்ரவரியில் பிராங்பர்ட்டில் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். 2021-22 சீசனிலிருந்து அந்த நாட்டு லீக்கான பண்டெஸ்லிகாவில் திங்கட்கிழமை ஆட்டமே இல்லாமல் போனது. அங்கே பல கிளப்புகளின் மேட்ச் டிக்கெட்டைக் காட்டியே உள்ளூர் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்வரலாம். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் மேட்ச் நாளில் மெட்ரோ நேரத்தை நீட்டியிருக்கிறார்கள். சேப்பாக்கத்தில் ஐபிஎல் டிக்கெட் வைத்திருந்தவர்களைச் சென்னை மெட்ரோ இலவசமாக ஏற்றியிருக்கிறது. கிரிக்கெட்டுக்கு முடிந்தது கால்பந்துக்கும் முடியும், கேட்க வேண்டும்.

நாக்-அவுட் ஆட்டத்துக்கும் அதே கணக்குப் போடுவது

சமனில் நின்றால் இன்னும் 30 நிமிஷம், அப்புறம் பெனால்டி. அன்றைக்கு ரயிலை நம்பாதீர்கள். பஸ், அல்லது பத்துப் பேர் சேர்ந்து வேன். 2018 ஃபைனலுக்கு பெங்களூர் போனபோது நாங்கள் வேன்தான் எடுத்தோம். பணம் வசூலிக்கும் முன்னாலேயே திரும்பும் நேரத்தைத்தான் டிரைவரிடம் பேசி முடித்தேன்.

காலையிலேயே திரும்புவதற்கும் அன்ரிசர்வ்டு எடுத்து வைப்பது

200 கிலோமீட்டருக்கு உட்பட்ட டிக்கெட், எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணம் தொடங்குவதற்கானது. ராத்திரி அது செல்லாது.

காட்பாடி வந்ததும் வீடு வந்துவிட்டது என்று நினைப்பது

பகலில் ஸ்டேஷன் வாசலிலேயே 1, 2 டவுன் பஸ் பாகாயம் வரை போகும், கவலை இல்லை. நள்ளிரவு தாண்டி மெயிலில் இறங்கும்போது அந்த பஸ் இருக்காது. ஆட்டோவுக்கு அந்த நேரத்தில் கேட்கும் பணம், சில சமயம் சென்னையிலிருந்து வந்த ரயில் கட்டணத்தைத் தாண்டும். ஆகவே போகும்போதே பைக்கை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுவிடுங்கள். ராத்திரி ஆள் இருப்பாரா என்று கேட்டு, டோக்கனைச் சட்டைப்பையில் போடாமல் பர்சில் வையுங்கள். ஜெர்சிக்குப் பை கிடையாது, கோல் விழுந்து குதிக்கும்போது பேண்ட் பாக்கெட்டிலிருந்து எது விழுந்தாலும் தெரியாது. அந்த நான்கு பையன்களில் ஒருவன் தொலைத்தது டோக்கனைத்தான். மெயிலில் எங்கள் பெட்டியில் இடம் இல்லாததால் அவர்களை மெட்ரோவில் ஏற்றி கோயம்பேட்டுக்கு அனுப்பினேன். ராத்திரி இரண்டே முக்காலுக்கு "புது பஸ் ஸ்டாண்ட் வந்துட்டோம்ணா" என்று மெசேஜ் வந்தது. மறுநாள் டோக்கன் இல்லாமல் வண்டியை எடுக்க ஆர்.சி. புக்கோடு அவன் அப்பாவே காட்பாடிக்குப் போக வேண்டியிருந்தது.